உபதேசியார் என்னும் இடைநிலை: திருநெல்வேலி ஆங்கிலிக்கன் திருச்சபையில் பட்டம் பெறாதோர்க்கான ஊழியப் பயிற்சி – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

குருப்பட்டம் பெறாத சபையாரை ஊழியத்திற்குப் பயிற்றுவிக்கும் முறை தமிழகத்து ஆங்கிலிக்கன் திருச்சபையில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதலே வளர்ந்து வந்துள்ளது. இம்முறையின் மையமாக அமைந்தவர் உபதேசியார். பயிற்சி இவர்களுக்குத் திறனை வழங்கியது. ஆனால் அத்திறனுக்கு ஏற்ற அதிகாரத்தை வழங்கத் தயங்கியது. இந்த இடைவெளியே 1835இல் இரேனியுஸைச் சுற்றி எழுந்த பிளவுக்கும், 1857இல் தோன்றிய தனிச்சபைக்கும், 1947இன் திருச்சபை ஒன்றிப்புக்கு முன் நடந்த விவாதங்களுக்கும் அடியில் இருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கிறித்தவத் தமிழ் ஆய்வு உபதேசியாரைத் துணைப்பாத்திரமாகவே நோக்கி வந்துள்ளமையையும் திறனாய்கிறது.

திறவுச்சொற்கள்: உபதேசியார், சபை ஊழியர், குருப்பட்டம், இரேனியுஸ், செபநூல், அசரியா, தென்னிந்தியத் திருச்சபை.

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்த் திருச்சபைகளில் ஒரு குருவானவர் பல ஊர்களைக் கவனிக்க வேண்டியுள்ளது. எல்லா ஞாயிறுகளிலும் எல்லா ஊர்களுக்கும் அவரால் வர இயல்வதில்லை. அவர் வராத ஞாயிறுகளில் விசைத்தறிக் கூடத்திலோ பள்ளியிலோ வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவர் வழிபாட்டை நடத்துகிறார். மல்லசமுத்திரத்தைச் சேர்ந்த இக்கட்டுரையாளருக்கு இது சிறுவயது முதல் பழகிய காட்சி. அவர் வேதபாடத்தை வாசிப்பார்; விண்ணப்பம் செய்வார்; செய்தியும் அளிப்பார். திருவிருந்து மட்டும் வழங்கமாட்டார். இறுதியில் ஆசி கூறும்போது, குருவானவர் ‘உங்களோடு’ என்று முன்னிலையில் சொல்லும் இடத்தில் இவர் ‘நம்மோடு’ என்று சொல்லி முடிப்பார்.

தமிழ் இலக்கண நோக்கில் இம்மாற்றம் பொருள் பொதிந்தது. ‘நம்’ என்பது கேட்போரையும் உளப்படுத்தும் தன்மைப் பன்மை. ஆசி வழங்குபவர், பெறுபவர் என்னும் எதிர்நிலை அங்கே இல்லை. சொல்பவரும் பெறுவோருள் ஒருவராகிறார். வழிபாடு முழுவதையும் நடத்தியவர் இறுதி வாக்கியத்தில் தம்மைச் சபையாருக்குள் மீண்டும் வைத்துக்கொள்கிறார். பயிற்சி பெற்ற, பட்டம் பெறாத ஊழியரின் நிலை முழுவதும் இந்த ஒரு வேற்றுமையில் அடங்கியுள்ளது எனலாம்.

இந்த நிலை எவ்வாறு உருவாயிற்று என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். சேலம் பகுதி ஆங்கிலிக்கன் மிஷன் பரப்பன்று. 1827இல் அங்குப் பணி தொடங்கியது இலண்டன் மிஷனெரி சங்கம். எனவே வினாவுக்கான விடையைத் தமிழகத்து ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலையாய நிலமாகிய திருநெல்வேலியில் தேட வேண்டியுள்ளது. இவ்விரு நிலங்களும் இருமுறை சந்தித்தன என்பதைக் கட்டுரையின் போக்கில் காணலாம்.

சொல்லும் நிலையும்

உபதேசியார் என்னும் சொல்லிலேயே ஒரு முரண் உள்ளது. சைவ மரபில் உபதேசம் குருவுக்கு உரியது, உபதேசிப்பவரே குரு. சீர்திருத்தக் கிறித்தவம் தமிழில் வேரூன்றியபோது இவ்விரு சொற்களும் இரு வேறு மனிதர்களுக்கு உரியனவாகப் பிரிந்தன. சிற்றூரில் தங்கி நாள்தோறும் கற்பித்தவர் உபதேசியார். பட்டம் பெற்று, வந்துபோய், திருவிருந்து வழங்கியவர் குரு. மக்கள் வழக்கில் அவர் ‘ஐயர்’. உபதேசம் செய்பவர் குருவல்லர், குருவோ ஊரில் இருந்து உபதேசிப்பவரல்லர் என்னும் புதிய நிலையைத் தமிழ்ச் சொல்வழக்கு ஏற்றுக்கொண்டது.

பிற்காலத்தில் திருநெல்வேலி வட்டாரத்தில் ‘சபை ஊழியர்’ என்னும் சொல் பெருவழக்காயிற்று. உபதேசியார் என்பதில் கற்பிக்கும் செயல் முதன்மை பெறுகிறது. சபை ஊழியர் என்பதில் நிறுவனத்திற்குக் கட்டுப்பட்ட பணி முதன்மை பெறுகிறது. ஊழியம் என்னும் சொல் சமய வழக்கில் இறைப்பணி என உயர்பொருள் பெற்றாலும், நிர்வாக வழக்கில் ஊதியம் பெறும் பணியாளன் என்ற பொருளையும் உடன் கொண்டுவருகிறது. சொல் மாறியபோது நிலையும் நுட்பமாக மாறியது. கத்தோலிக்க மரபில் இன்று வழங்கும் ‘பொதுநிலையினர்’ என்ற சொல்லுக்கு இணையான, நிலைத்த ஒரு சொல் சீர்திருத்தத் திருச்சபைத் தமிழில் இல்லை. சபையார், விசுவாசிகள், திருச்சபை மக்கள் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. பயிற்சி பெற்ற பொதுநிலையினர்க்கோ உபதேசியார், சபை ஊழியர் என்னும் பணிப்பெயர்களே உள்ளன. பெயரின்மையும் ஒரு வரலாற்றுச் சான்றே.

பட்டம் பெறாதோர் கட்டிய சபைகள்

பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கமே பட்டம் பெறாத ஒருவரோடு பிணைந்தது. 1778இல் சுவார்ட்சிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையாரே அங்குச் சபையைத் தாங்கி நின்றவர். 1785இல் கோயில் எழுந்ததும் அவர் முயற்சியால். 1780ஆம் ஆண்டின் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40 மட்டுமே. இச்சபையைக் கவனிக்க அனுப்பப்பட்ட சத்தியநாதன் உபதேசியாராகவே வந்தார். 1790இல் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அப்பட்டம் லுத்தரன் முறைப்படி அளிக்கப்பட்டதென்பது குறிப்பிடத்தக்கது. பணம் வந்ததோ ஆங்கிலிக்கன் சார்புடைய கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்திலிருந்து. தரங்கம்பாடியில் உபதேசியாராக இருந்த ஆரோன் 1733இல் பட்டம் பெற்றதிலிருந்து, உபதேசியார் பணியைப் பட்டத்திற்கு முந்தைய நீண்ட பயிற்சியாகக் கருதும் மரபு லுத்தரன் மிஷனில் நிலவியது. அந்த மரபு அப்படியே ஆங்கிலிக்கன் பொருளுதவியோடு தெற்கே நகர்ந்தது.

தாமிரபரணிக்குத் தெற்கே தேரிப்பகுதிகளில் சபைகள் பெருகியபோது முன்னின்றவர் சுந்தரானந்தம் தாவீது என்னும் உபதேசியார். புதிதாகச் சமயம் மாறியோர் ஊர்களில் வாழ முடியாதபடி துன்புறுத்தப்பட்டபோது, 1799இல் அவர்களுக்கென நிலம் வாங்கி முதலூர் என்னும் ஊர் அமைக்கப்பட்டது. இவர் ஆற்றிய பணி போதனையோடு நிற்கவில்லை. நிலம், குடியிருப்பு, பாதுகாப்பு ஆகியவற்றையும் தழுவியது. சுவார்ட்சு 1798இல் மறைந்தபின், மேற்பார்வை அரிதாகவே கிடைத்த ஏறத்தாழ 20 ஆண்டுகள் இச்சபைகள் உபதேசியார்களாலும் உள்நாட்டுக் குருமார் சிலராலும் நிலைநின்றன. மிஷன் வரலாறுகள் இக்காலத்தைத் தேக்கக் காலமாகக் காட்டுவதுண்டு. ஐரோப்பியர் இல்லாமையைத் தேக்கத்திற்கு அளவுகோலாகக் கொள்ளும் நோக்கு அது. வெளியார் இல்லாத காலத்திலும் சபைகள் அழியாதிருந்தன என்பதை மையமாகக் கொண்டு நோக்கினால், அதே காலம் பட்டம் பெறாதோர் ஊழியத்தின் முதல் சோதனைக் காலமாகத் தோன்றும்.

மாதக் கூட்டம் என்னும் பள்ளி

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ், பயிற்சியை ஒரு முறைமையாக ஆக்கியவர். அவர் அமைத்த பயிற்சிப் பள்ளி இளைஞரை உபதேசியார், ஆசிரியர் பணிகளுக்கு ஆயத்தப்படுத்தியது. பள்ளியினும் முக்கியமானது மாதக் கூட்டம். ஊர்களில் இருந்த உபதேசியார்கள் பாளையங்கோட்டையில் கூடித் தம் பணி அறிக்கையை அளித்தனர், வேதபாடம் கற்றனர், மீண்டும் ஊர் திரும்பினர். இன்றைய கல்வியியல் மொழியில் சொன்னால், இது பணியிடைப் பயிற்சி. கற்பதும் கற்பிப்பதும் ஒருவரிடத்திலேயே மாறிமாறி நிகழ்ந்தன. ஊரில் எதிர்கொண்ட வினா அடுத்த கூட்டத்தில் பாடமாயிற்று. கூட்டத்தில் பெற்ற பாடம் அடுத்த ஞாயிறு செய்தியாயிற்று.

இம்முறையின் தமிழியல் விளைவு இதுவரை போதிய அளவு ஆராயப்படவில்லை. உபதேசியாரின் மாத அறிக்கை, தமிழில் எழுதப்பட்ட உரைநடை. ஊர், நாள், சந்தித்த மனிதர், நடந்த உரையாடல், எதிர்ப்பு, நோய், பஞ்சம் என்று நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லவேண்டிய தேவை அதற்கு இருந்தது. செய்யுள் மரபிலோ உரையாசிரியர் மரபிலோ இவ்வகை எழுத்துக்கு முன்மாதிரி குறைவு. பிரசங்கத்தைக் கேட்கும்போதே ஓலையில் எழுத்தாணியால் குறிப்பெடுக்கும் பழக்கமும் திருநெல்வேலிச் சபைகளில் இருந்ததை மிஷன் பதிவுகள் சுட்டுகின்றன. கேட்டதைச் சுருக்கி எழுதி, எழுதியதை விரித்துச் சொல்லும் பயிற்சி இது. இரேனியுஸ் தம் தமிழ் இலக்கணத்தை 1836இல் வெளியிட்டதை ஆய்வாளர் பலரும் போற்றுவர். அவர் காதில் நாள்தோறும் ஒலித்த பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் பெரிதும் இந்த உபதேசியார்களுடையவை என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை.

1830இல் தொடங்கப்பட்ட தர்ம சங்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே. துன்புறுத்தப்பட்டோர்க்கு நிலமும் வீடும் பெற்றுத்தர உள்ளூர்ப் பணத்தில் இயங்கிய இவ்வமைப்பு, கணக்கு எழுதுதல், பத்திரம் முடித்தல், பொதுப்பணத்தைக் காத்தல் ஆகியவற்றைச் சபையாருக்குப் பழக்கியது. ஊழியப் பயிற்சி என்றதும் வேதக்கல்வியை மட்டும் நினைக்கும் இன்றைய நோக்கு, இதன் அகலத்தை உணரத் தவறிவிடுகிறது.

பட்டத்தைச் சுற்றிய மோதல்

பயிற்சி வெற்றி பெற்றதே சிக்கலையும் கொண்டுவந்தது. தேர்ந்த உபதேசியார் சிலருக்குக் குருப்பட்டம் அளிக்கவேண்டிய நிலை 1830களின் தொடக்கத்தில் எழுந்தது. யார் அளிப்பது? லுத்தரன் பட்டம் பெற்ற இரேனியுஸ், பழைய மிஷன் மரபுப்படி மிஷனெரிமாரே அளிக்கலாம் என்று கருதினார். அவரை அனுப்பிய சர்ச் மிஷனெரி சங்கமோ ஆங்கிலிக்கன் ஆயரே அளிக்கவேண்டும் என்றது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளுள் 23ஆவது, முறைப்படி அழைக்கப்பட்டு அனுப்பப்படாத எவரும் பொதுவில் போதிப்பதையும் திருச்சடங்கு நடத்துவதையும் மறுக்கிறது. 1662ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின் அத்திருச்சபையில் ‘முறைப்படி’ என்பதன் பொருள் ஆயரின் கைவைப்பு என்றே நிலைபெற்றது. 1814இல் கல்கத்தாவிலும் 1835இல் சென்னையிலும் ஆயர் பதவி ஏற்பட்டபின், ஆயர் இல்லை என்ற பழைய காரணமும் மறைந்தது. தரங்கம்பாடியிலிருந்து வந்த ஜான் தேவசகாயம் 1830இல் ஆங்கிலிக்கன் முறைப்படி உதவிக்குருவாகியிருந்தார். எனவே மாற்றுவழியும் கண்முன் இருந்தது.

இரேனியுஸ் ஆங்கிலிக்கன் முறைமைகளை விமர்சித்து எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835இல் சங்கத்துடனான அவர் தொடர்பு முறிந்தது. அவர் பாளையங்கோட்டையை விட்டு ஆர்க்காட்டுக்குச் சென்றார். உபதேசியார் பலர் அழைக்க, அவ்வாண்டே திரும்பிவந்தார். சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் இறந்தபின்னரே பிளவு படிப்படியாக அடங்கியது.

இந்நிகழ்வை ஒரு ஜெர்மானியருக்கும் ஓர் ஆங்கிலச் சங்கத்திற்கும் இடையே நடந்த பிணக்காகவே வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். 1881இல் வெளிவந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி மிஷன் வரலாறு இரேனியுஸின் ஆற்றலை மறுக்கவில்லை. எனினும் நிகழ்வின் அச்சாக அவர் கொள்வது மிஷனெரியையே. பிளவு எழுந்ததற்கு மூலகாரணம் பட்டத்திற்குத் தகுதி பெற்றுவிட்ட தமிழர்கள். இரேனியுஸைத் திரும்ப அழைத்தவர்களும் அவர்களே. யாரைப் பற்றிய வழக்கோ அவர்கள் வழக்கின் பதிவில் பெயரற்ற பன்மையாக நிற்கின்றனர். அவர்களுடைய விருப்பம் ஒரே தன்மையதாக இருந்தது என்றும் சொல்ல இயலாது. சிலர் இரேனியுஸோடு நின்றனர். சிலர் சங்கத்தோடு நின்றனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர்கள் இருந்தனர் என்பதே மாதக் கூட்டம் அளித்த பயிற்சியின் பயன்.

இரேனியுஸோடு விலகிய உடன்பணியாளருள் ஒருவர் லெக்லர். அவர் பின்னர் இலண்டன் மிஷனெரி சங்கத்தில் சேர்ந்து சேலத்தில் பணியாற்றினார். அங்குக் கைத்தொழிற் பள்ளியும் நடத்தினார். ஆயரை வேண்டாத சபை மரபுடைய சங்கம் அது. பட்டம் பற்றிய திருநெல்வேலி வழக்கில் விலகிய ஒருவர் சேலம் சமவெளிக்கு வந்தது, முன்னர்க் குறிப்பிட்ட முதற் சந்திப்பு.

செபநூலும் வாசிப்போரும்

ஆங்கிலிக்கன் முறையில் பட்டம் பெறாத ஊழியரை உருவாக்கிய மற்றொரு ஆசான் செபநூல். ராட்லரின் மொழிபெயர்ப்பால் தமிழில் கிடைத்த இந்நூல் காலை, மாலை வழிபாடுகளைச் சொல்லுக்குச் சொல் வகுத்துத் தந்தது. எழுத்தறிந்த எவரும் வழிபாட்டை நடத்த இது வழிசெய்தது. அதேவேளையில் எல்லையையும் இதுவே வரைந்தது. பாவமன்னிப்பு அறிவிப்பைக் குருவானவர் மட்டுமே சொல்லவேண்டும் என்று நூலின் நெறிக்குறிப்பு ஆணையிடுகிறது. அவர் இல்லாதபோது உபதேசியார் அந்த இடத்தைக் கடந்து செல்லவோ, மன்னிப்பை வேண்டும் விண்ணப்பமொன்றை வாசிக்கவோ வேண்டும். மன்னிப்பை அறிவிக்கும் வாக்கியம் வேண்டுதல் வாக்கியமாக மாறுகிறது. முன்னுரையில் சுட்டிய ‘உங்களோடு’, ‘நம்மோடு’ என்ற வேறுபாட்டுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. இறையியல் எல்லை இங்கே இலக்கண எல்லையாகச் சபையின் காதுக்குக் கேட்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபை ‘வாசகர்’ என்னும் பட்டம் பெறாத பொறுப்பை மீண்டும் உயிர்ப்பித்தது 1866இல்தான். தொழில்நகரங்களில் குருமார் போதாமை அதற்குக் காரணம். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தேரிக்காட்டு ஊர்களில் அப்பணி நடந்துகொண்டிருந்தது. மையத்திலிருந்து விளிம்புக்கு முறைமைகள் சென்றன என்னும் பொதுக்கருத்து இவ்விடத்தில் பொருந்தவில்லை. எனினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. இங்கிலாந்தின் வாசகர் பெரும்பாலும் வேறு தொழிலில் வாழ்ந்து, ஊதியமின்றிப் பணி செய்தவர். திருநெல்வேலி உபதேசியார் மிஷன் ஊதியத்தில் வாழ்ந்தவர்.

பயிற்சி பெற்றவர் மறுத்துப் பேசியபோது

ஊதியம் பெறும் ஊழியர், மேற்பார்வையாளரை மறுத்தால் என்ன ஆகும்? இதற்கு விடை அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளையின் வாழ்க்கை. சாயர்புரம் கல்விச்சாலையில் பயின்று நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்த இவர், மிஷனெரியுடன் முரண்பட்டு நீக்கப்பட்டார். நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலை எதிர்த்தோருள் முன்னின்றார். 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் மேலைநாட்டு மிஷன்களுக்குக் கட்டுப்படாத இந்து கிறித்தவ சபையை நிறுவினார். வேதநூலை மிஷனெரியின் துணையின்றித் தாமே ஆராய்ந்து, மேலை வழிபாட்டு முறைகள் வேதத்துக்கு உரியனவல்ல என வாதிட்டார். இதற்கான கருவிகள் அனைத்தும் மிஷன் பயிற்சியே அளித்தவை. வாசிக்கக் கற்றவர் தாமே பொருள்கொள்ளவும் தொடங்கினார்.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகக் காணவேண்டும். 1820களில் தஞ்சைச் சபையில் புதிய மிஷனெரிமார் சாதி வேறுபாட்டையும் பழைய வழிபாட்டு வழக்கங்களையும் நீக்க முயன்றபோது, அவற்றைக் காத்து எழுதியவர் வேதநாயக சாஸ்திரியார். பாடலிலும் கல்வியிலும் தலைசிறந்த, பட்டம் பெறாத ஊழியர் அவர். தமிழ்க் கீர்த்தனையை வழிபாட்டில் நிலைநிறுத்திய அதே குரல், சாதி அமர்வு வேறுபாட்டையும் வழக்கம் என்று காத்தது. ஆதலின், பட்டம் பெறாதோரின் குரல் இயல்பாகவே விடுதலைக் குரல் என்று கொள்வது பிழை. அது ஊரின் குரல். ஊரின் வலிமையும் குறையும் அதில் ஒருங்கே ஒலிக்கும். ஆய்வாளர் சட்டாம்பிள்ளையைப் போற்றிச் சாஸ்திரியாரின் இப்பகுதியை மறைப்பதும், இரண்டையும் மறைத்து மிஷனெரியைப் போற்றுவதும் ஒருதலை நோக்கே.

ஊதியமும் தன்னூழியமும்

சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், உள்நாட்டுச் சபை தன்னைத் தானே தாங்கி, ஆண்டு, பரப்பவேண்டும் என்னும் மும்மைக் கொள்கையை வகுத்தார். இக்கொள்கையின் சோதனைக்களங்களுள் திருநெல்வேலி முதன்மையானது. ஆனால் தன்னாட்சி என்பது உள்நாட்டுக் குருமாரைப் பெருக்குவதாகவே பெரிதும் செயற்பட்டது. உபதேசியார் பட்டத்திற்குச் செல்லும் ஏணியின் கீழ்ப்படியானார். ஏறியவர் குருவானார், ஏறாதவர் ஏறாதவராகவே கருதப்பட்டார். அப்பணிக்குத் தனக்கே உரிய நிறைவு உண்டு என்ற எண்ணம் மங்கியது.

1912இல் ரோலண்ட் ஆலன் என்னும் ஆங்கிலிக்கன் குரு, பவுலின் மிஷன் முறையையும் தம்கால மிஷன் முறையையும் ஒப்பிட்டு எழுதிய நூல் இம்முறையைக் கடுமையாகச் சாடியது. பவுல் ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் மூப்பரை ஏற்படுத்தித் திருச்சடங்குகளையும் அவர்களிடமே ஒப்படைத்துச் சென்றார். இக்கால மிஷனோ வெளிநாட்டு ஊதியத்தில் உபதேசியாரை வைத்து, திருச்சடங்கைத் தொலைவிலுள்ள குருவிடம் நிறுத்திவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆலன் கேட்டது பயிற்சியைப் பெருக்குவதை அன்று. பயிற்சியின் பெயரால் அதிகாரத்தை ஒத்திப்போடுவதை நிறுத்துவதை.

அதே 1912இன் இறுதியில் தோர்ணக்கல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. இந்தியருள் முதல் ஆங்கிலிக்கன் ஆயர். பட்டம் பெறாதவராக ஒய்.எம்.சி.ஏ. செயலராய் இருந்தபோதே அவர் 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தையும் 1905இல் தேசிய மிஷனெரி சங்கத்தையும் உருவாக்குவதில் முன்னின்றார். திருநெல்வேலிச் சபையார் தம் பணத்தில், தம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினர். 1909இல்தான் அவர் குருப்பட்டம் பெற்றார். தோர்ணக்கலில் அவர் சிற்றூர் ஊழியரைப் பயிற்றுவித்தபோது மனைவியரையும் உடன் சேர்த்துப் பயிற்றுவித்தார். ஊரில் குடியமர்வது ஒரு குடும்பம் என்பதை உணர்ந்த முறை அது. திருமுழுக்குப் பெறுவோர் தம் தலைமேல் தாமே கைவைத்து, நற்செய்தியை அறிவிக்கும் கடமையை ஏற்கும் வழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். பட்டத்தில் ஆயர் வைக்கும் கையின் இடத்தில், இங்கே ஒவ்வொரு விசுவாசியும் வைக்கும் தன் கை. மாதக் கூட்டத்தின் மரபிலிருந்து வந்த ஒருவர், ஆயராக இருந்தே, அதிகாரத்தின் அடையாளத்தைப் பரவலாக்கினார் என்று இதனை வாசிக்கலாம். திருவிருந்து நடத்தும் அதிகாரத்தை மட்டும் அவரும் குருவுக்கு அப்பால் நீட்டவில்லை.

பெண்களின் பங்கு

இவ்வரலாறு முழுவதும் ஆண்களின் ஏணியைப் பற்றியது. பெண்களுக்கு ஏணியே இல்லை. எனினும் பயிற்சி இருந்தது. பாளையங்கோட்டைச் சாராள் தக்கர் நிறுவனங்கள் பெண் ஆசிரியைகளை உருவாக்கின. 1895இல் அது கல்லூரியாயிற்று. ‘பைபிள் பெண்’ என வழங்கப்பட்ட ஊழியர் வீடுகளுக்குள் சென்று எழுத்தும் வேதமும் கற்பித்தனர். ஆண் உபதேசியார் நுழைய இயலாத இடத்தில் இவர்களே முழு ஊழியரும் ஆவர். பட்டம் என்னும் வினா எழாததால் இவர்களைப் பற்றிப் பிளவும் எழவில்லை; பிளவு எழாததால் வரலாற்றில் இடமும் பெறவில்லை. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தொடங்கியது 1970களில்தான். குளோரிந்தா அம்மையார் சபையைத் தாங்கிய காலத்திலிருந்து அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின.

ஒன்றிப்பும் சேலம் சமவெளியும்

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிப்புப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவுற்றது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியன இணைந்தன. சேலம் பகுதியின் இலண்டன் மிஷன் சபைகள் ஐக்கிய சபையின் வழியாக இதில் சேர்ந்தன. 1950இல் உருவான கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் பகுதியாயின. இரு நிலங்களின் இரண்டாம் சந்திப்பு இது.

1835இன் வழக்குக்கு 1947 ஒரு விடை தந்தது. ஆயரிடம் பட்டம் பெறாத குருமாரும் மறுபட்டமின்றி ஏற்கப்பட்டனர். இனி வரும் பட்டங்கள் ஆயர்வழி நிகழும் என முடிவாயிற்று. இரேனியுஸும் அவரை விலக்கிய சங்கமும் ஒருசேர அமரக்கூடிய ஏற்பாடு இது. ஆனால் பட்டமே பெறாதோர் பற்றிய வினா வேறுவிதமாக முடிந்தது. பட்டம் பெறாதவரும் தக்க அனுமதியுடன் திருவிருந்து நடத்தலாம் என்ற கருத்தை ஐக்கிய சபையினர் 1930களின் பேச்சில் வலியுறுத்தினர். சபைத்தன்னாட்சி மரபில் வளர்ந்தோர்க்கு அது கொள்கை. குருவானவர் எப்போதாவது வரும் சிற்றூர்களுக்கு அது தேவை. ஆங்கிலிக்கன் தரப்பால் இதனை ஏற்க இயலவில்லை. பேச்சே முறிந்துவிடும் என்ற நிலை வந்தது. இறுதி ஏற்பாட்டில் திருவிருந்து ஆயருக்கும் குருமாருக்கும் உரியதாகவே நின்றது. சபை ஆட்சியில் பொதுநிலையினர் விரிந்த இடம் பெற்றனர், திருமேசையில் பெறவில்லை. மல்லசமுத்திரம் வட்டாரத்தில் இன்று ‘நம்மோடு’ என்று முடிக்கும் குரல், இவ்வுடன்பாட்டின் எதிரொலி.

பின்னர்ப் பயிற்சி வழிகள் பெருகின. 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தோன்றியது. தமிழ்வழி இறையியல் கல்விக்கு அது நிலைக்களமாயிற்று. 1963இல் குவாத்தமாலாவில் தொடங்கிய விரிவாக்க இறையியல் கல்வி இந்தியாவுக்கும் வந்தது. வேலையை விடாமல், ஊரை விட்டு நீங்காமல் இறையியல் கற்கலாம் என்பது அதன் அடிப்படை. இரேனியுஸின் மாதக் கூட்டத்தை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. ஆனால் சான்றிதழும் பாடநூலும் மிகுந்த இன்றைய முறையில், ஊரின் வினா பாடமாக மாறும் அந்தத் திரும்புவழி குறைந்துள்ளது. மையத்தில் எழுதப்பட்ட பாடம் ஊருக்குச் செல்கிறது. ஊரின் அறிக்கை மையத்திற்கு வருவதில்லை. அறிக்கை எழுதாத ஊழியர், பாடத்தை ஒப்பிப்பவராகிறார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழகத்து ஆங்கிலிக்கன் திருச்சபையில் பட்டம் பெறாதோர்க்கான பயிற்சி ஒரு துணை ஏற்பாடாக இருந்ததில்லை. சபைகள் எழுந்ததும் நிலைத்ததும் அதனால்தான். இரண்டாவது, அப்பயிற்சியின் நெருக்கடிகள் யாவும் அதன் தோல்வியால் அல்லாமல் வெற்றியால் எழுந்தவை. பயின்றவர் பட்டத்திற்குத் தகுதி பெற்றபோது 1835 நேர்ந்தது. பயின்றவர் தாமே பொருள்கொண்டபோது 1857 நேர்ந்தது. எனவே பயிற்சித் திட்டத்தை வகுப்போர், பயின்றவர்க்கு எதை ஒப்படைக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். அதைச் செய்யாத பயிற்சி, ஒத்திவைத்தலின் மறுபெயராகவே முடியும். அதேவேளையில், தஞ்சையின் அனுபவம் காட்டுவதுபோல், ஊரின் குரலை அப்படியே அதிகாரமாக்குவதும் தீர்வாகாது. சாதிப் பிரிவை எதிர்கொள்ளும் கல்வி அப்பயிற்சியின் மையத்தில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, தமிழாய்வுக்கு உரியது. கிறித்தவத் தமிழ் இலக்கிய வரலாறுகள் ஒருபுறம் சீகன்பால்கு, இரேனியுஸ், கால்டுவெல், போப் என்றும் மறுபுறம் வேதநாயக சாஸ்திரியார், கிருஷ்ணபிள்ளை என்றும் நிரல்படுத்துகின்றன. இரட்சணிய யாத்திரிகம் தொடராக வெளிவந்த ‘நற்போதகம்’ இதழை வாசித்தவர் யார், ஊரில் பிறர்க்கு வாசித்துக் காட்டியவர் யார் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. காப்பியத்திற்கும் ஊருக்கும் இடையே ஒரு வாசிப்பவர் நின்றார். அவருடைய அறிக்கைகள், பிரசங்க ஓலைகள், நாட்குறிப்புகள் திருமண்டல அறைகளிலும் வீட்டுப் பரண்களிலும் எஞ்சியிருப்பின், அவை பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் சான்றுகளாகத் தொகுக்கப்படல் வேண்டும். செல்லரிக்குமுன் செய்யவேண்டிய பணி இது.

‘நம்மோடு’ என்னும் சொல்லைக் குறைபாட்டின் அடையாளமாக மட்டும் கேட்பதற்கில்லை. ஆசி கூறுபவரும் ஆசியின் தேவையுடையவரே என்னும் உண்மையை அது வெளிப்படையாகச் சொல்கிறது. அச்சொல்லைக் கட்டுப்பாட்டால் சொல்வதற்கும் தேர்ந்து சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவே, பட்டம் பெறாதோர்க்கான ஊழியப் பயிற்சி இன்னும் கடக்கவேண்டிய தொலைவு.